ஸ்காட்டிஷ் ஓப்பன் பார்க்கப் போனால், பக்கத்தில் எங்கே கோல்ஃப் ஆடலாம்?

ஜூலையில் ஸ்காட்டிஷ் ஓப்பன் பார்க்க எடின்பரோ வருகிறீர்கள், கூட 9 வயது மகன், ஐந்து நாள் தங்கல், உங்கள் ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 20. போட்டி நடக்கும் ரெனேசான்ஸ் கிளப் தனியார் கிளப், அதில் இடம் கிடைப்பது கஷ்டம், பக்கத்தில் ஆடத் தகுந்தது எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நார்த் பெரிக் வெஸ்ட் லிங்க்ஸ். ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் நேரமும் காசும் இருக்கிறது என்றால், முதலில் அதைப் பதிவு செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் எடின்பரோவுக்கு வந்து ஏழு வருடமாகிறது. கோடைக்காலச் சனிக்கிழமைகளில் பெரும்பாலும் அந்தக் கடற்கரையில்தான் இருப்பேன். போட்டி நடக்கும் மைதானத்தில் ஆட முடியவில்லையே என்ற ஏக்கம் எனக்கும் இருந்தது. இப்போது இல்லை. ரெனேசான்ஸ் மைதானம் 2008இல் திறந்தது, நல்ல மைதானம்தான். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கமும் அதே மணல், அதே காற்று. கோல்ஃப் அங்கே ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே வந்துவிட்டது.

அந்த மணலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபோர்த் கழிமுகத்தின் தென்கரையில், அபர்லேடியிலிருந்து நார்த் பெரிக் வரை, கடல் ஒதுக்கிய மணலைக் காற்று உள்ளே கொண்டுவந்து மேடுபள்ளமாகக் குவித்திருக்கிறது. விவசாயத்துக்கு உதவாத நிலம். மேலே மெல்லிய புல். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது, தரை கட்டாந்தரை போல இறுகி இருக்கும். இந்த மாதிரி நிலத்தைத்தான் ‘லிங்க்ஸ்’ என்கிறார்கள். இங்கே விழுந்த பந்து நிற்காது, ஓடும். நம் ஊர் மைதானங்களில் பந்தை உயரத் தூக்கி கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) மேல் போட்டுப் பழகியவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் புரியாது. கொடிக்கு முப்பது கஜம் முன்னால் போட்டால்தான் கொடிக்குப் போகும். சில இடங்களில் இருபது கஜம் வலப்பக்கம் போட வேண்டும்.

நார்த் பெரிக்கில் கிளப் தொடங்கியது 1832. மைதானம் ஊரிலிருந்து கடலோரமாக மேற்கே போய்த் திரும்பி வருகிறது. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் அடிக்கும். அதனால் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகுக்காற்று. 2வது குழியில் வலப்பக்கம் முழுக்கக் கடற்கரை. பந்து மணலில் விழுந்தால் இறங்கிப் போய் அங்கிருந்தே அடிக்கலாம். நாயோடு நடந்து போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

13வது குழிக்குப் பெயர் ‘பிட்’. கிரீனுக்கு நேர் முன்னால் தொடை உயரத்துக்கு ஒரு பழைய கல்சுவர் குறுக்கே ஓடுகிறது. சுவருக்கும் மணல்மேட்டுக்கும் நடுவே ஒரு பள்ளத்தில் கிரீன். ‘சுவர் முதலில் வந்தது, கோல்ஃப் அப்புறம்தான் வந்தது’ என்று அங்கே சொல்வார்கள். நான் முதல் தடவை ஆடியபோது என் பந்து சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. குனிந்து பார்த்தேன். கல்லின் இடுக்கில் மஞ்சள் பாசி, பந்தைச் சுற்றி ஆட்டுமுடி போல வளர்ந்த புல். மட்டையைப் பின்னால் ஓங்க இடம் இருந்தது, ஆனால் முன்னால் சுவர். கூட ஆடிய உள்ளூர்ப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் வெட்ஜ் மட்டையால் பக்கவாட்டில் காட்டினார். கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்த வழியே பத்து கஜம் தட்டி, அங்கிருந்து சுவருக்கு மேலே தூக்கிப் போட்டேன். அந்தக் குழியில் எனக்கு ஆறு. இத்தனை வருடத்தில் நான் ஆடிய எந்தக் குழியும் இவ்வளவு துல்லியமாக நினைவில் இல்லை.

14வது, ‘பர்ஃபெக்ஷன்’. இரண்டாவது அடி அடிக்கும்போது கிரீன் கண்ணுக்கே தெரியாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கடலை ஒட்டி இருக்கும். முடித்தவர்கள் மணியடித்த பிறகுதான் பின்னால் வருகிறவர்கள் அடிக்க வேண்டும்.

அடுத்தது 15, ‘ரெடான்’. கிரைமியப் போரில் செவாஸ்டபோலில் இருந்த ரஷ்யக் கோட்டையரண் ஒன்றின் பெயர் இது. சுமார் 190 கஜம், பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. கிரீன் உங்களுக்கு நேராகப் பார்க்காமல் கோணலாகத் திரும்பிப் படுத்திருக்கும். வலது முன்பக்கம் உயரம், இடது பின்பக்கம் தாழ்வு. இடது முன்னால் ஆழமான பங்கர், அதாவது மணல் குழி. கொடியைக் குறிவைத்து அடித்தால் ஒன்று பங்கர், இல்லையென்றால் பந்து பின்பக்கமாக ஓடியே போய்விடும். கிரீனின் வலது தோளில் போட்டு, சரிவு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டும். உலகத்திலேயே அதிகமாக நகலெடுக்கப்பட்ட குழி இதுதான் என்பார்கள், நம்பலாம். அமெரிக்காவின் லாங் ஐலண்டில் உள்ள நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸில் 4வது குழியாக மைதான வடிவமைப்பாளர் சார்லஸ் பிளேர் மக்டொனால்ட் இதைப் படியெடுத்தார். அதற்குப் பிறகு அமெரிக்காவில் எத்தனையோ மைதானங்களில் ஒரு ரெடான் வந்துவிட்டது. மூலம் இங்கே, உள்ளூர்க்காரர்கள் தினமும் ஆடும் ஒரு மைதானத்தில் இருக்கிறது. நீங்களும் பணம் கட்டிவிட்டு ஆடலாம். எனக்கு அது இன்னும் ஆச்சரியம்தான்.

இதை ஆடிவிட்டுப் போட்டி பார்க்கப் போங்கள் என்பதுதான் என் முக்கியமான யோசனை. போட்டி பார்த்துவிட்டு ஆடுவதல்ல. 2023 போட்டியின் கடைசி நாள் நான் ரெனேசான்ஸில் 18வது குழிப் பக்கம் நின்றிருந்தேன். காற்று பலமாக இருக்கும் என்று அன்று ஆட்டத்தையே முன்கூட்டித் தொடங்கியிருந்தார்கள். ராபர்ட் மக்கின்டயர் கடைசிக் குழியில் பேர்டி (பாரைவிட ஒன்று குறைவு) போட்டு முன்னிலையில் முடித்துவிட்டுக் காத்திருந்தார். பின்னால் வந்த ரோரி மக்கில்ராய்க்கு எதிர்க்காற்றில் இருநூறு கஜம். 2 நம்பர் அயர்ன் மட்டையை எடுத்துத் தாழ்வாக, காற்றுக்குக் கீழே ஒரு அடி. பந்து கொடிக்குப் பத்துப் பதினோரு அடிக்குள் நின்றது. பேர்டி, ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வெற்றி. முந்தின வாரம்தான் அதே காற்றில் நார்த் பெரிக்கில் ஏழு மணி நேரம் போலத் தோன்றிய நான்கு மணி நேரம் ஆடியிருந்தேன். என் பந்து காற்றில் ஏறி நின்று, பின்னால் வந்து விழுந்ததைப் பார்த்திருந்தேன். அதனால் அந்த 2 அயர்ன் என்ன காரியம் என்பது உடம்புக்கே தெரிந்தது. மறு வருடம் 2024இல் மக்கின்டயர் அதே 18இல் பேர்டி போட்டு ஜெயித்தார். 1999இல் காலின் மான்ட்கோமரிக்குப் பிறகு இந்தப் போட்டியை ஜெயித்த முதல் ஸ்காட்லாந்துக்காரர். அன்று கூட்டம் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாவது நாளுக்கு கல்லன். கில்லன் என்றும் சொல்வார்கள், இரண்டும் சரி. மூன்று மைதானம், எண் 1, 2, 3. ஸ்காட்டிஷ் ஓப்பன் 2015இலும் 2018இலும் இங்கேதான் நடந்தது. 2018இல் பிராண்டன் ஸ்டோன் கடைசி நாள் 60 அடித்து ஜெயித்தார். ஊர்த் தெருவிலிருந்தே முதல் குழி தொடங்கும், 2வது குழியில் குன்று ஏறத் தொடங்கிவிடுவீர்கள். 7வது டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) நின்றால் கீழே கழிமுகம் முழுவதும் விரியும். மேற்கே எடின்பரோ, அக்கரையில் ஃபைஃப், இந்தப் பக்கம் மியூர்ஃபீல்ட் மைதானம். மழைக்கு முன்னால் மேகம் தண்ணீர் மேல் நகர்ந்து வருவதை அங்கிருந்து பார்க்கலாம். எண் 1 விலை அதிகம். கை கடிக்கும் என்றால் தயங்காமல் எண் 3 எடுங்கள். நீளம் குறைவு, அதே குன்று, அதே புல். ஹேண்டிகேப் 20க்கு அது உண்மையிலேயே இதமான மைதானம். எண் 2 பற்றிச் சொல்ல எனக்கு அவ்வளவாக எதுவும் இல்லை, ஒரு தடவைதான் ஆடியிருக்கிறேன், அன்று முழுக்க மழை.

மியூர்ஃபீல்ட் ரெனேசான்ஸை ஒட்டியே இருக்கிறது. ஓப்பன் சாம்பியன்ஷிப் (ஸ்காட்டிஷ் ஓப்பன் அல்ல, அதைவிடப் பெரிய போட்டி, சுருக்கமாக ஓப்பன்) அங்கே 16 தடவை நடந்திருக்கிறது. கடைசியாக 2013இல், ஃபில் மிக்கல்சன் ஜெயித்தார். முதல் ஒன்பது வலஞ்சுழியாகவும், அடுத்த ஒன்பது அதற்குள்ளே இடஞ்சுழியாகவும் போகும். அதனால் காற்று ஒரே பக்கத்திலிருந்து நீண்ட நேரம் வராது. வெளியாட்களுக்குக் குறிப்பிட்ட சில நாட்களில் இடம் தருகிறார்கள், பல மாதம் முன்பே கேட்க வேண்டும். அந்த கிளப்பில் பெண்களுக்கு உறுப்பினராக இடமில்லாமலே இருந்தது. 2016இல் வாக்கெடுப்பு தோற்றது, ஓப்பன் நடத்தும் உரிமையும் போனது. 2017இல் மறுபடி வாக்கெடுத்துச் சம்மதித்தார்கள். 2022இல் பெண்கள் ஓப்பன் அங்கேயே நடந்து தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய் ஜெயித்தார். போட்டியாளராக ஒரு பெண் அந்த 18வது கிரீனில் கோப்பை வாங்கியது எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

இந்த விஷயத்தில் பழைய கதை ஒன்று, அதே கடற்கரையில், எடின்பரோ பக்கமாகத் தள்ளி இருக்கும் மஸ்ஸல்பரோவில் இருக்கிறது. 1811 புத்தாண்டு நாளில் அங்கே மீன்காரப் பெண்களுக்கு ஒரு கோல்ஃப் போட்டி அறிவித்தார்கள். பரிசு ஒரு புது மீன்கூடை, கூடவே பட்டுக் கைக்குட்டைகள். மியூர்ஃபீல்ட் வாக்கெடுப்புக்கு இருநூறு வருடம் முன்பு!

மஸ்ஸல்பரோ பழைய லிங்க்ஸ் உங்கள் ஐந்து நாளில் ஒரு மாலையைப் பெற வேண்டும். ஒன்பதே குழி. குதிரைப் பந்தய மைதானத்துக்கு நடுவில் இருக்கிறது, ஓடுபாதையை நடந்து கடந்துதான் ஆட வேண்டும். பந்தய நாளில் ஆட முடியாது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் நான் முதன்முதலாக மட்டை பிடித்ததும் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் இருந்த ஜிம்கானா கிளப் மைதானத்தில்தான். அதனால் வெள்ளைக் கம்பி வேலியைத் தாண்டி டீக்கு நடந்தபோது தொண்டை அடைத்துவிட்டது. 1874க்கும் 1889க்கும் இடையில் ஓப்பன் இங்கே ஆறு தடவை நடந்தது. கோல்ஃப் குழியின் அகலம் உலகம் முழுக்க நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். அதே அளவில் குழி வெட்டும் கருவி 1829இல் மஸ்ஸல்பரோவில் இருந்தது, இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஹிக்கரி மரப்பிடி மட்டைகளை வாடகைக்குத் தருவார்கள், எடுத்து ஆடிப் பாருங்கள். கட்டணமும் குறைவு.

டன்பாரும் கில்ஸ்பின்டியும் நல்ல மைதானங்கள். டன்பார் பெரும்பாலும் கடலோரம், கொஞ்சம் கடினம். கில்ஸ்பின்டி குட்டையானது, அபர்லேடி விரிகுடாவை ஒட்டி, சாயங்காலத்துக்கு ஏற்றது. நாள் மிச்சம் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

சில நடைமுறை விஷயங்கள். போட்டி வாரத்தில் நார்த் பெரிக்கிலும் கல்லனிலும் நேரம் கிடைப்பது அரிது, இன்றே பதிவு செய்யுங்கள். இடமில்லை என்று சொன்னால், போட்டிக்கு முந்தின வாரக் கடைசியில் வந்து முதலில் ஆடிவிடுங்கள். ஹேண்டிகேப் சான்றிதழ் கையோடு இருக்கட்டும். ஜூலை தொடக்கத்தில் இங்கே இரவு பத்து மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது. அதனால் மத்தியானம் வரை போட்டி பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கு மேல் ஒரு முழு ஆட்டம் ஆட முடியும். மாலைக் கட்டணம் பல இடங்களில் குறைவு. எடின்பரோ வேவர்லியிலிருந்து நார்த் பெரிக்குக்கு நேர் ரயில், அரை மணி சொச்சம். நிலையத்திலிருந்து மைதானத்துக்கு நடந்தே போகலாம், எனவே கார் தேவையில்லை. ஜூலைதானே என்று மெல்லிய சட்டையோடு வந்துவிடாதீர்கள். காற்று புகாத மேலங்கி, ஒரு கம்பளித் தொப்பி, இரண்டு ஜோடி கையுறை. பந்து நிறைய வேண்டும், விலையுயர்ந்தது வேண்டாம்.

மகனைப் பற்றி. நார்த் பெரிக்கில் ஆட்டம் முடிந்ததும் அவனைத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போங்கள். எதிரே கடலில் பாஸ் ராக் பாறை கோடையில் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையில் பாதி கானட் பறவைகளேதான். படகில் போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் கல்லனில் ஊர் நடுவே சிறுவர்களுக்கென்று ஆறு குழி மைதானம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது. பெரியவர்கள் தனியாகப் போய் ஆட முடியாது, கூட ஒரு பிள்ளை இருக்க வேண்டும். எனக்குக் குழந்தை இல்லை, ஏழு வருடமாக வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகன் கூட்டிக்கொண்டு போனால் நீங்கள் உள்ளே போகலாம். பந்தை உருட்டும் பட்டர் மட்டை ஒன்றும் ஒரு 7 அயர்னும் போதும் அவனுக்கு.