இசப்கோல் குடித்தால் எடை குறையுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எடை குறைக்க இசப்கோல் போன்ற நார்ச்சத்துப் பொடி எடுக்கலாமா என்று இந்த வாரம் பலர் கேட்டிருந்தீர்கள். உணவியல் ஆலோசகராக என்னிடம் வருகிறவர்களும் இப்போது அதிகம் கேட்பது இதைத்தான்.

மேடம், எனக்கு 84 கிலோ. தினமும் இசப்கோல் குடித்தால் உண்மையில் எத்தனை கிலோ குறையும்?

குறையும், ஆனால் கொஞ்சம்தான். 2017இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் நியூட்ரிஷன் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. எடை கூடிய பெரியவர்களுக்குக் கரையும் நார்ச்சத்தை (தண்ணீரில் கலந்து கொழகொழப்பாகும் வகை, இசப்கோலும் இதில் சேரும்) தனியாகக் கொடுத்துப் பார்த்த 12 ஆய்வுகள், மொத்தம் 609 பேர். பொடி எடுக்காதவர்களைவிட எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2.5 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் லேசாக இறங்கியது. ஆனால் ஆய்வுக்கு ஆய்வு முடிவு நிறைய மாறியது, நீண்ட ஆய்வே 17 வாரம்தான். உங்கள் 84இல் இரண்டு, இரண்டரை கிலோ என்றால் நல்லதுதான். பத்து கிலோவை எதிர்பார்த்து வாங்காதீர்கள், பாதியில் மனம் விட்டுப்போகும்.

இது வயிற்றுக்குள் என்னதான் செய்கிறது?

உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளரில் கால்வாசி தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பூன் இசப்கோலைக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். முதலில் தவிடு மிதப்பதுபோல் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு துகளும் ஊதி, கஞ்சி உறைவதுபோல் மொத்தமும் கெட்டியாகிவிடும். டம்ளரைச் சாய்த்தால் தண்ணீராக ஓடாது, கொழகொழவென்று கட்டியாக நகரும். வயிற்றில் சாப்பாட்டோடு கலந்து இதேதான் நடக்கிறது. உணவு மெதுவாக இறங்குகிறது, சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, பசி அடங்கி நிற்கிறது. கொழுப்பைக் கரைக்கும் சக்தியெல்லாம் இதற்கு இல்லை. இரண்டாவது தோசையை வேண்டாம் என்று சொல்ல வைக்கிறது, அவ்வளவுதான்.

இதை "ஏழைகளின் ஓசெம்பிக்" என்கிறார்களே அக்கா?

அந்தப் பேச்சு எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. ஓசெம்பிக் என்பது சர்க்கரை நோய்க்கான ஊசி, எடை குறைக்கவும் பலர் போடுகிறார்கள். அதில் உள்ள செமாகுளூடைடு மருந்தை அதிக அளவில் கொடுத்துப் பார்த்த 2021 ஆய்வில், 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் குறைந்தது. அது மூளைவரை போய்ப் பசியை மாற்றும் மருந்து, இது ஒரு செடியின் விதைத் தோல். மருந்து தேவைப்படுகிறவர் இதை நம்பி டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே குடித்துவிடுகிறேன். சரியா?

சரியில்லை அம்மா, இன்றைக்கே மாற்றுங்கள். டம்ளரில் பார்த்த அந்தக் கொழகொழப்பு மாத்திரையையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். என்னிடம் வந்த ஒரு பெண்ணும் உங்களைப் போல இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டிருந்தார். டி.எஸ்.எச். (தைராய்டு போதாதபோது ரத்தத்தில் கூடும் ஹார்மோன்) ஏறிக்கொண்டே போக, மாத்திரையின் அளவைக் கூட்டும் பேச்சே வந்துவிட்டது. அவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டோமே தவிர, எந்த நேரத்தில் என்று முதலில் யாரும் கேட்கவில்லை. தைராய்டு மாத்திரைக்கும் இசப்கோலுக்கும் 4 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வேன். மற்ற மாத்திரைகளுக்குக் குறைந்தது 2 மணி. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

ஆன்லைனில் குளுக்கோமன்னான் கேப்ஸ்யூல் விற்கிறார்கள். வாங்கலாமா?

அது கொன்யாக் என்ற கிழங்கின் நார். கலோரியைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு, தினம் 3 கிராமை மூன்று வேளையாகப் பிரித்து, சாப்பாட்டுக்கு முன் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரோடு எடுத்தால் எடை குறைய உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஏற்றுக்கொண்டது. எனக்குப் பயம் அந்தத் தண்ணீர் விஷயத்தில்தான். குறைவாகக் குடித்தால் தொண்டையிலேயே ஊதி அடைத்துவிடும். அமெரிக்காவில் இதேபோல் ஊதும் இன்னொரு நாரான குவார் கம் மாத்திரைகள் உணவுக்குழாயை அடைத்து, 1990 வாக்கில் சந்தையிலிருந்து எடுக்கவேண்டி வந்தது.

பொடியே வேண்டாம், வீட்டுச் சாப்பாட்டில் கிடைக்காதா?

நிறையக் கிடைக்கும், எனக்குப் பிடித்த வழியும் அதுதான். ஓட்ஸ், பார்லி, ஊறவைத்த வெந்தயம், கொண்டைக்கடலை, ராஜ்மா, வெண்டைக்காய், கொய்யா எல்லாவற்றிலும் கரையும் நார் உண்டு. இப்போது சொன்ன குவார் கம் நம் கொத்தவரை விதையிலிருந்து எடுப்பதுதான். பொடியாக எடைக்கு உதவவில்லை என்று 2001இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. ஆனால் கொத்தவரங்காயைக் கூட்டாக வைத்து ஒரு பெரிய கரண்டி போட்டுக்கொண்டால், தட்டில் சாதத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குத் தினம் 25 கிராமாவது நார்ச்சத்து, அதுவும் உணவிலிருந்தே, வேண்டும் என்கிறது.

இசப்கோல் குடித்தால் வயிறு உப்புகிறது.

எடுத்தவுடன் இரண்டு ஸ்பூன் போட்டிருப்பீர்கள். ஒரு டீஸ்பூனில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

அப்பாவுக்கு 72 வயது, எடை அதிகம். சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறுகிறது. அவருக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. விழுங்கச் சிரமம் உள்ளவர்களுக்கும், குடல் அடைப்பு வந்தவர்களுக்கும் இந்தப் பொடி கூடாது. புரை ஏறுவது ஏன் என்று முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.