அம்மாவை ஏன் கூட்டிப் போகவில்லை?

கேள்வி: நான்கு மாதமாக வாடகைக்கு வீடு தேடுகிறோம். நான், மனைவி, 7 வயது மகன், என் அம்மா. இதுவரை 11 வீடு பார்த்துவிட்டேன். இப்போது ஒன்று கிட்டத்தட்ட முடிவாகிற நிலையில் இருக்கிறது. வாடகை கைக்கு அடக்கம், மகன் பள்ளிக்கு நடந்தே போகலாம், ஹால் பெரியது, வீட்டுக்காரரும் நல்ல மாதிரி. குறை என்று பார்த்தால், மொட்டை மாடிக்குக் கீழே இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு படுக்கையறைச் சுவரில் கொஞ்சம் ஓதம், பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சமையலறை இருட்டு. என் அலுவலகத்துக்கு இப்போதைவிட 40 நிமிடம் கூடுதலாகும். மனைவி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு ‘உங்க இஷ்டம்’ என்றுவிட்டாள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் கூட்டிப் போகவில்லை. குறையே இல்லாத வீடு கிடைக்காது என்பது தெரியும். எடுக்கலாமா, வேண்டாமா? வாடகை வீடுதானே, சரிப்படாவிட்டால் ஒரு வருஷத்தில் மாறிக்கொள்ளலாம் என்றும் தோன்றுகிறது. (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் வீடு பார்க்கக் கூட்டிப் போகவில்லை. உங்கள் கடிதத்தில் இந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வருவதே அவருக்குக் கஷ்டம் என்று நீங்களாக முடிவு கட்டிய அதே படிக்கட்டின் உச்சியில்தான் அவரைக் குடிவைக்கப் போகிறீர்கள். எடுக்கலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்கிறீர்கள், பதிலை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

அதோடு பதிலை முடித்திருப்பேன். ஆனால் நாலு மாதம், 11 வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த அலுப்பு எனக்கும் தெரியும் என்பதால் கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம்.

நாலு குறைகளை வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள், ஏதோ நாலும் குடும்பத்துக்குப் பொதுச்சொத்து மாதிரி. அப்படி இல்லை. வாடகை எல்லோருக்கும் பொது, குறை அப்படிப் பங்கு பிரியாது, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஆளின் தலையில் போய் உட்காரும். படி அம்மாவுக்கு. சமையலறை யாருக்கு என்று நீங்கள் எழுதவில்லை, அந்த ‘உங்க இஷ்டம்’ என்பதிலிருந்து நானாக ஊகித்துக்கொண்டேன். ஓதம் அந்த அறையில் படுக்கப்போகிறவருக்கு, அது யார் என்றும் கடிதத்தில் இல்லை. 40 நிமிடம் ஒன்றுதான் உங்களுடையது, அதற்கு மட்டும் கணக்கு நிமிடத்தில் துல்லியமாக இருக்கிறது! மற்றதெல்லாம் ‘கொஞ்சம்’.

இந்த ‘கொஞ்சம் ஓதம்’ பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எவ்வளவு என்பது அப்புறம், எங்கிருந்து என்பதுதான் முதல் கேள்வி. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் போகாது, இரண்டாம் மாடிக்கு அது வர வழியே இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பவை நாலுதான். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கி இறங்கலாம், வெளிச்சுவர் விரிசலில் மழை உள்ளே வரலாம், சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்து குழாய் கசியலாம், அல்லது அறை காற்றோட்டமே இல்லாமல் அடைந்து கிடந்து, உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் நீராகப் படியலாம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று பார்த்தீர்களா? கறை மேலிருந்து கீழே வருகிறதா, நடுவில் திட்டாக இருக்கிறதா? மழைக்காலத்தில் மட்டுமா, எப்போதுமா? இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் முன்பு குடியிருந்தவரிடமும் கேட்டால்தான் தெரியும், வீட்டுக்காரர் எவ்வளவு நல்ல மாதிரியாக இருந்தாலும் அவருக்கு அந்த அறையில் படுத்த அனுபவம் இருக்காது.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. ஓர் அடி சதுரத்துக்கு அலுமினியத் தாளை வெட்டிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் சுவரின் மேல்பரப்பை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, தாளை ஒட்டி, நாலு ஓரத்தையும் காற்று புகாமல் டேப்பால் அடைத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் பின்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. முன்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தும் காற்றை வெளியே தள்ளும் ஒரு விசிறியை மாட்டியும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். போகிற போக்கில் விரல் முட்டியால் சுவரைத் தட்டியும் பாருங்கள். நல்ல பூச்சு ‘டக்’ என்று கெட்டியாகச் சத்தம் போடும், ஈரத்தில் பொருமி விட்டுப்போன பூச்சு பானையைத் தட்டின மாதிரி டொப்பென்று இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால், பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் உங்கள் கண்ணுக்குத் தடயம் மறையும், அவ்வளவுதான், அடுத்த மழைக்கு அது கொப்புளம் கட்டி, உப்புப் பூத்து, உரிந்து உங்கள் மெத்தையில் விழும். கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, சுவர் காய்ந்த பிறகு பெயின்ட். அதுவும் இத்தனை நாளைக்குள் செய்து தருவேன் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. நல்ல மாதிரி மனிதர் என்றால் எழுதித் தருவதில் அவருக்கு என்ன தயக்கம்?

உங்கள் மகன் அந்த அறையில்தான் படுக்கப்போகிறான் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டு ஈரம், பூசணம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் வரும் ஆபத்து கூடுதல் என்கிறார்கள். இத்தனை பூசணம் வரை பரவாயில்லை என்று ஓர் அளவு குறிக்க மட்டும் அவர்களால் முடியவில்லை, ஈரமே தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்லாத அளவை நீங்கள் ‘கொஞ்சம்’ என்று சொல்கிறீர்கள்.

சமையலறை இருட்டு என்பது எளிது, இரண்டு விளக்கு கூடுதலாகப் போட்டால் தீர்ந்தது. புகையும் சூடும் வெளியே போகிறதா என்பதுதான் முக்கியம். ஜன்னல் ஓரமாக ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள், அசையவே இல்லை என்றால் உங்கள் மனைவி எதற்காக ‘உங்க இஷ்டம்’ என்றார் என்பதில் பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு என் கதை ஒன்று இருக்கிறது. பல வருஷம் முன்பு ஒரு வீட்டை, அதன் ஜன்னலுக்காகவே எடுத்தேன். பெரிய ஜன்னல், வெளியே மரம், உட்கார்ந்து எழுதினால் எழுத்து தானாக வரும் என்று ஒரு மயக்கம் (வரவில்லை). ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குப் போய்ப் பார்த்தேன், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. குடி போன பிறகுதான் தெரிந்தது, படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிடத்தின் தண்ணீர் மோட்டார் இருக்கிறது, மற்ற நாட்களில் விடியற்காலை நாலரைக்கு அதைப் போடுவார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் நான் ஜன்னல் ஓரம் படுத்தேன். சுவர் ஓரம் படுத்தது மனைவி. மூன்று வருஷம் அவள் நாலரைக்கு எழுந்திருக்கிறாள், சுறுசுறுப்பானவள் என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் மோட்டார் விஷயத்தையே சொன்னாள். ‘முன்னாடியே சொல்லியிருக்கலாமே’ என்றதற்கு, ‘நீங்க அந்த ஜன்னலைப் பார்த்த பார்வையை நான்தானே பார்த்தேன்’ என்றாள்.

அதனால் ‘உங்க இஷ்டம்’ என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டீர்கள், இனி என்ன சொல்லி என்ன என்பதைத்தான் மரியாதையாக அப்படிச் சொல்வார்கள்.

உங்கள் 40 நிமிடத்துக்கு வருவோம். போக 40, வர 40, மாதம் 22 நாள் என்றால் 1,760 நிமிடம், 29 மணி நேரத்துக்கும் மேல். மாதத்தில் முழுசாக ஒரு நாளைத் தாண்டுகிறது. உளவியல் அறிஞர் டேனியல் கானமேனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாள் செய்த ஒவ்வொரு காரியத்தின்போதும் மனம் எப்படி இருந்தது என்று கேட்டதில், காலையில் வேலைக்குப் போகிற பயணம் அடிமட்டத்தில் இருந்தது. ஆனாலும் இந்தக் குறையை நான் பெரிதாக எடுக்கவில்லை, பிள்ளை நடந்து பள்ளிக்குப் போய் வருவதற்காக அப்பா கொஞ்சம் அலைவது நியாயமான பேரம்தான். தெரிந்து, ஒப்புக்கொண்டு சுமக்கிறீர்கள். நீங்கள் வராத அந்த நேரத்தில் வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் அந்த ஆளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறையே இல்லாத வீடு கிடைக்காது என்கிறீர்கள். சரி. பொருளாதாரத்துக்கு 1978-இல் நோபல் வாங்கிய ஹெர்பர்ட் சைமன், எல்லாவற்றிலும் சிறந்ததைத் தேடி முடிக்க யாராலும் முடியாது, போதும் என்று ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு அதைத் தாண்டி வருவதை எடுத்துக்கொள்வதுதான் மனிதர்கள் நிஜத்தில் செய்வது என்றார். கோடு முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் விஷயம். நீங்கள் கோடே போடாமல் 11 வீடு பார்த்துவிட்டு, இப்போது இந்த வீட்டை 12-வது வீடு பார்க்கப் போகிற அலுப்போடு ஒப்பிடுகிறீர்கள். அலுப்போடு ஒப்பிட்டால் எந்த வீடும் ஜெயித்துவிடும்.

ஒரு வருஷத்தில் மாறிக்கொள்ளலாம் என்பதை நம்பாதீர்கள். மாற மாட்டீர்கள். பிள்ளை பள்ளியில் ஒட்டிக்கொள்வான், சாமான்கள் அதது இடத்தில் உட்கார்ந்துவிடும், மறுபடி முன்பணம், மறுபடி மூட்டை கட்டுவது என்று நினைக்கும்போதே இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்று தோன்றும். ஒரு வருஷத்துக்கு என்று நான் போன வேறொரு வீட்டில் ஆறு வருஷம் இருந்தேன்.

படியைக் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் மற்ற மூன்றுக்கும் ஏதாவது வழி இருக்கிறது. படி இறங்கும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையைப்போல மூன்று மடங்குக்கும் மேல் பாரம் விழுகிறது, வலியுள்ள மூட்டுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பல நேரம் பாடு. அதற்காக உங்கள் அம்மா முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். இறங்குவதைக் குறைத்துக்கொள்வார். முதலில் மாலை நடை நிற்கும், அப்புறம் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போவது நிற்கும், கடைசியில் மருத்துவரிடம் போவதற்கு மட்டும் கீழே வருவார். பெரிய ஹால் என்கிறீர்களே, அது யாருக்குப் பயன்படப்போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், வேலை நாளில் ஒருமுறை அம்மாவையும் மனைவியையும் கூட்டிப் போங்கள். அம்மா மெதுவாக ஏறட்டும், கூடவே நீங்களும் அவர் வேகத்தில் ஏறுங்கள், கைப்பிடி இரண்டு பக்கமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அரைமணி நேரம் மேலே உட்கார்ந்துவிட்டு இறங்கட்டும். அன்று மாலையே இன்னொரு தடவை. இரண்டாம் தடவைதான் உண்மை தெரியும், முதல் தடவை பிள்ளைக்காக யாரும் ஏறிவிடுவார்கள். அவருக்கு முடிகிறது, சுவருக்கும் வழி கிடைத்துவிட்டது என்றால் தாராளமாக எடுங்கள், மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியது. முடியவில்லை என்றால் அலுப்பைப் பார்க்காமல் 12-வது வீட்டுக்குக் கிளம்புங்கள், இந்தத் தடவை தரைத்தளம் என்று சொல்லித் தேடுங்கள்.

இரண்டாம் தடவை ஏறி வந்ததும் அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். ‘பரவால்லப்பா, பழகிடும்’ என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். சொல்லும்போது அவர் கை எங்கே இருந்தது, கைப்பிடியிலா முழங்காலிலா என்பதையும் சேர்த்து.