டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் சிரமம் தரும் குறைபாடு) உள்ள மகன் கலிபோர்னியாவில் 5-ம் வகுப்பு படிக்கிறான். மாநிலத் தேர்வில் அவனுக்கு என்னென்ன வசதிகள் கேட்கலாம்? மற்ற பிள்ளைகளுக்கு அது அநியாயம் ஆகாதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஆகாது. தேர்வு எதை அளக்க வந்ததோ அதைத் தொடாமல், குறுக்கே நிற்கும் தடையை மட்டும் விலக்கினால் யாருக்கும் அநியாயம் இல்லை. கணக்குத் தேர்வு பையனுக்குப் பின்னம் புரிந்திருக்கிறதா என்று பார்க்க வந்தது. கேள்வியை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அவன் களைத்துப்போனால், வரும் மதிப்பெண் அவன் கணக்கைப் பற்றி எதுவும் சொல்லாது. அதே தேர்வில் 5-ம் வகுப்புக்குக் கால்குலேட்டர் கிடையாது. கூட்டல், பெருக்கல் போடும் திறனையே அங்கே அளக்கிறார்கள். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதற்கு இதுதான் கோடு.

5-ம் வகுப்பில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றும் உண்டு. ஆங்கிலமும் கணக்கும் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு என்ற கணினித் தேர்வு. இதற்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. அதனால் ஐ.இ.பி. (சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்குப் பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து எழுதும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டத்தில் 'ஒன்றரை மடங்கு நேரம்' என்று எழுதி வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வகுப்புத் தேர்வுகளுக்கு அது உதவும். இந்தத் தேர்வில் அதனால் எதுவும் மாறாது.

இங்கே வசதிகள் மூன்று அடுக்காக இருக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்குவது, வரியை வண்ணமிடுவது, இடைவேளை எடுப்பது போன்றவை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. தனி அறை, திரையின் நிறம் மாற்றுதல், கேள்விகளைக் கணினி வாசித்துக் காட்டுவது ஆகியவை இரண்டாம் அடுக்கு; தேவை என்று ஆசிரியர் கருதினாலே போதும். மூன்றாம் அடுக்குக்கு ஐ.இ.பி. அல்லது 504 பிளான் (குறைபாடு உள்ள பிள்ளைக்கு என்னென்ன வசதி என்று பள்ளி எழுதித்தரும் திட்டம்) கட்டாயம். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு மிக முக்கியமானது இந்த மூன்றாம் அடுக்கில்தான் இருக்கிறது: ஆங்கிலத் தேர்வின் வாசிப்புப் பகுதிகளையே கணினி வாசித்துக் காட்டுவது.

பெரும்பாலும் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். ஆவணத்தில் 'டெக்ஸ்ட்-டு-ஸ்பீச்' (எழுத்தைக் கணினி வாசித்துக் காட்டுவது) என்று மொட்டையாக எழுதியிருப்பார்கள். பள்ளியில் அதைக் கேள்விகளுக்கு மட்டும் போட்டுவிடுவார்கள். பையன் ஒரு பக்க நீளமுள்ள கதையைத் தானே படிக்க வேண்டியதாகிவிடும். ஆகவே 'ஆங்கிலம்: வாசிப்புப் பகுதிகள், கேள்விகள் இரண்டுக்கும், கணக்கு: கேள்விகளுக்கு, அறிவியல்: கேள்விகளுக்கு' என்று பாடம் பாடமாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒரு பாடத்துக்கு எழுதியது அடுத்த பாடத்துக்குத் தானாகப் போகாது.

இதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கிறது. கணினி வாசித்துக் காட்டிய பிறகு வரும் மதிப்பெண், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனைச் சொல்லும். பையனே எழுத்தைப் படிக்கும் வேகம் கூடியிருக்கிறதா என்று சொல்லாது. மதிப்பெண் நன்றாக வந்துவிட்டது என்று வாசிப்புப் பயிற்சியைக் குறைக்க விடாதீர்கள். அதற்குப் பள்ளியில் தனியாக நடத்தும் வாசிப்பு அளவீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எழுதுவதும் சிரமம் என்றால் பேச்சை எழுத்தாக மாற்றும் வசதியைக் கேட்கலாம். பெருக்கல் வாய்ப்பாடு மனதில் நிற்கவில்லை என்றால் வாய்ப்பாட்டு அட்டை 4-ம் வகுப்பிலிருந்தே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டுமே மூன்றாம் அடுக்கு. ஆனால் இருப்பதையெல்லாம் அள்ளிக் கேட்காதீர்கள். வகுப்பில் பழகாத வசதி தேர்வன்று தொல்லைதான். இயந்திரக் குரல் பிள்ளைகளுக்குப் புதிது. எதை அழுத்தினால் பத்தி முழுவதையும் படிக்கும் என்று தெரியாமல் பலர் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். மாநிலத்தின் இணையதளத்தில் பயிற்சித் தேர்வு இலவசமாகக் கிடைக்கிறது. கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராகவே நுழையலாம். ஹெட்போன் மாட்டி, இதே வசதிகளைப் போட்டு, நாலைந்து முறை வீட்டிலேயே பழக்குங்கள்.

இடைவேளையிலும் ஒரு கண்ணி உண்டு. ஆங்கிலம், கணக்கு இரண்டிலும் பதிலுக்குத் தக்கபடி அடுத்த கேள்வியின் கடினம் மாறும் பகுதி ஒன்று இருக்கிறது. அதை 20 நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைத்தால் முன்பு போட்ட பதில்களுக்குத் திரும்பிப் போக முடியாது. களைத்துவிடும் பிள்ளைக்கு இடைவேளை தேவைதான். குறுகிய இடைவேளைகளாக இருக்கட்டும், அல்லது நிறுத்துவதற்கு முன் பழைய பதில்களை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லித்தர வேண்டும்.

காலக்கணக்கு. பெரும்பாலான பள்ளிகளில் தேர்வு ஏப்ரல், மே மாதங்களில். ஐ.இ.பி. கூட்டம் வேண்டும் என்று எழுத்தில் கேட்டால் கலிபோர்னியாவில் 30 நாளுக்குள் நடத்த வேண்டும் (நீண்ட விடுமுறை நாட்கள் இதில் சேராது). எனவே ஜனவரியிலேயே எழுதுங்கள். மின்னஞ்சல் போதும், வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டம் சிரமமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் அதிலேயே கேட்கலாம். அவரை ஏற்பாடு செய்வது பள்ளியின் பொறுப்பு. கட்டணம் உங்களுடையது அல்ல.

சில கூட்டங்களில் 'இவனுக்கு மாற்றுத் தேர்வு வைத்துவிடலாமே' என்று பேச்சு வரும். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். மாற்றுத் தேர்வு மிகக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கானது. 2015-ன் கூட்டாட்சிச் சட்டப்படி, ஒவ்வொரு பாடத்திலும் மாநிலத்தில் தேர்வெழுதும் மொத்தப் பிள்ளைகளில் 1 சதவீதத்துக்கு மேல் அதில் போகக் கூடாது. டிஸ்லெக்சியா மட்டுமே அதற்குக் காரணம் ஆகாது. தேர்வே வேண்டாம் என்று ஒதுக்கி வைக்கவும் ஐ.இ.பி. குழுவுக்கு அதிகாரமில்லை, எப்படி எழுதுவது என்பதை மட்டுமே அவர்கள் முடிவு செய்யலாம். பெற்றோர் தாமாக எழுதிக் கொடுத்து விலக்கு வாங்க இந்த மாநிலத்தில் வழி உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மாற்றுத்திறன் பிள்ளைகளையும் மாநிலத் தேர்வில் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் வந்தது 1997-ல்தான். கணக்கில் வராத பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கியிருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஐ.இ.பி.யில் எழுதியது தானாகக் கணினிக்குப் போகாது. பள்ளியில் ஒருவர் அதை மாநிலத் தேர்வு அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே பள்ளியின் தேர்வு ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, பையனின் பெயரில் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். தேர்வன்று அவன் உள்ளே நுழைய ஒப்புதல் தரும்போது, கண்காணிக்கும் ஆசிரியரின் திரையில் அந்த வசதிகள் தெரியும். ஒரு முறை சரிபார்க்கச் சொல்லி வையுங்கள். பையனிடமும் சொல்லுங்கள்: குரல் வரவில்லையென்றால் பதில் போடாமல் கையைத் தூக்கு. தவறான அமைப்பில் தொடங்கிவிட்டால் உடனே நிறுத்திவிட்டு, தேர்வைப் பழையபடி முதலிலிருந்து திறந்துதர ஒருங்கிணைப்பாளர் மாநிலத்திடம் விண்ணப்பிக்கலாம்.