நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பக்கியை வாங்கலாமா?

தென்னாப்பிரிக்க வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் டோங்காட்டில் வசிக்கிறேன். அதிகாலையில் டர்பன் கிளேர்வுட் மொத்தச் சந்தையில் காய்கறி எடுத்து, டோங்காட்டிலும் வெருலத்திலும் உள்ள சிறு கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். இதுவரை வாடகை வண்டியில் காலம் தள்ளினேன். சொந்தமாக ஒரு பக்கி (பின்னால் சரக்குத் தொட்டி உள்ள சிறு வண்டி) வாங்குவதற்காக 1,10,000 ராண்ட் சேர்த்து வைத்திருக்கிறேன். எனக்குப் பழக்கமான பண்ணையாளர் ஒருவர், தம்முடைய 2009ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் 2.5 டீசல் வண்டியை 95,000 ராண்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கி 16 ஆண்டுகள் ஆகின்றன. 4,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதைக் கேட்டதும் என் மகன் வேண்டவே வேண்டாம் என்கிறான். 1,60,000 கிலோமீட்டர் ஓடிய 2015ஆம் ஆண்டு நிஸான் என்பி200 ஒன்றை 1,05,000 ராண்டுக்குப் பார்த்து வைத்திருக்கிறான். ஒரு நடைக்கு 700 கிலோ ஏற்றுகிறேன். பண்டிகை நாட்களில் அதற்கும் மேல். எதை வாங்குவது?

பதில்: உங்கள் மகன் அஞ்சுவதில் தவறில்லை, ஆனால் கிலோமீட்டர் எண்ணைக் கண்டு அஞ்சுவதைவிட அஞ்ச வேண்டிய வேறு இடங்கள் இந்த வண்டியில் இருக்கின்றன. 4,12,000 கிலோமீட்டரைப் பதினாறு ஆண்டுகளுக்கு வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 26,000 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது. உழைப்புக்கென்றே வாங்கிய ஒரு வண்டிக்கு இது மிகையான ஓட்டம் அல்ல. அந்த ஓட்டம் எங்கே நிகழ்ந்தது என்பதைத்தான் முதலில் கேட்டறிய வேண்டும். என்2 நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடிய வண்டிக்கு கியர்ப்பெட்டியும் கிளட்சும் அதிகம் தேய்வதில்லை. கரும்புத் தோட்டத்து மண்பாதையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் சுமை இழுத்த வண்டி, அதில் பாதித் தொலைவு மட்டுமே ஓடியிருந்தாலும், பெரிதும் களைத்திருக்கும். விற்பவர் பண்ணையாளர் என்பதால் இந்த வண்டி வயலுக்குப் போனதா, நகரத்துக்குப் போய்வந்ததா என்று தயங்காமல் கேளுங்கள். பழக்கமானவரிடம் இப்படித் துருவிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்களில் பலர் வாயடைத்துப் போய்விடுகிறார்கள். பழக்கம் கெடாமல் இருக்க வேண்டுமானால் பணம் கைமாறுவதற்கு முன்பே எல்லாவற்றையும் கேட்டுவிடுவதுதான் நல்லது.

நம் கடற்கரைப் பகுதியில் பழைய பக்கிகளைச் சாகடிப்பது பெரும்பாலும் இயந்திரக் கோளாறு அல்ல, துரு. உப்புக் காற்றும் ஈரமும் ஆண்டு முழுவதும் வேலை செய்கின்றன. அவற்றோடு வயல் மண், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின் உட்புறத்தில் படிந்து நின்றுவிட்டால் இரும்பு உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். ஆகவே வண்டியைப் பட்டறையில் தூக்கி நிறுத்தி, விளக்கு பிடித்து, அடிச்சட்டம் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். பின் ஸ்பிரிங் பட்டைகள் சட்டத்தோடு சேரும் இடங்களையும், பின்சக்கரங்களுக்கு மேலே சட்டம் வளைந்து செல்லும் பகுதியையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். மேலாகச் செதில் உதிர்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம். முனை உள்ளே இறங்கினால் அந்த வண்டி எந்த விலைக்கும் வேண்டாம். புதிதாகக் கறுப்புச் சாயம் பூசப்பட்ட அடிச்சட்டத்தை நான் எப்போதும் சந்தேகத்தோடு பார்ப்பேன். சரக்குத் தொட்டியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருந்தால் அதையும் கழற்றச் சொல்லுங்கள், ஏனெனில் தண்ணீர் அதன் அடியில் தேங்கி ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் அரித்திருக்கக் கூடும்.

அடுத்தது இயந்திரம். நீங்கள் போய்ச் சேரும்போது வண்டி குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்த டீசல் வண்டி பல குறைகளை மறைத்துவிடும். சாவியின் முதல் திருப்பத்தில் எவ்வளவு எளிதாகப் பற்றுகிறது, புகைக்குழாயில் என்ன நிறத்தில் புகை வருகிறது, அந்தப் புகை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கவனியுங்கள். நீலப்புகை நீடித்தால் இயந்திரம் எண்ணெய் எரிக்கிறது. வெண்புகை நீடித்து டீசல் நாற்றமும் அடித்தால், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் மீது ஐயம் கொள்ள வேண்டும். டி-4டி எனப்படும் இந்த டொயோட்டா டீசல் இயந்திரத்தில் இன்ஜெக்டர்கள் விலை மிகுந்தவை; நான்கையும் ஒருசேர மாற்ற நேர்ந்தால் உங்கள் சேமிப்பில் பெரும் பங்கு அதற்கே போய்விடும். அதைவிடக் கவலைக்குரியது, இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செப்பு வளையங்கள் கசியத் தொடங்கினால் எரிந்த வாயு எண்ணெயோடு கலந்து கரிப்பிசினாக மாறி, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும் என்பது. அடைபட்ட இயந்திரம் எண்ணெய் இல்லாமல் ஓடி அழிந்துபோகும். ஆகவே அந்த வளையங்கள் எப்போதாவது மாற்றப்பட்டனவா என்று கேளுங்கள். டீசல் வேலை அறிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, இன்ஜெக்டர்களின் கசிவுச் சோதனையையும் அழுத்தச் சோதனையையும் செய்ய வையுங்கள். அதற்கு நீங்கள் கொடுக்கும் கூலி வீண்செலவு அல்ல.

இதே இயந்திரத்தில், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் உள்ளது. ஏறத்தாழ 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்பதால், இந்த வண்டியில் இதற்குள் இரண்டு முறை மாற்றியிருக்க வேண்டும். ரசீது காட்டினால் நம்புங்கள். "மாற்றியாகிவிட்டது" என்ற வாய்ச்சொல் மட்டும் இருந்தால் மாற்றவில்லை என்றே கணக்கில் கொண்டு, வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுங்கள், ஏனெனில் ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வுகளும் சேர்ந்து சேதமாகும்.

பிறகு, சுமை இல்லாமல் ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முடிவு எடுக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றும் அளவுக்கு எடையை ஏற்றி, சிரமம் பாராமல் பைன்டவுனிலிருந்து க்ளூஃபுக்கு ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் வரை கொண்டுபோங்கள். அந்த ஏற்றத்தில் வெப்பமுள் நடுவைத் தாண்டி உயர்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, கியர் தானாக நழுவி வெளியே வருகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். இறங்கும்போது பிரேக்கின் நிலையும் விளங்கும். திரும்பி வந்ததும் ரேடியேட்டர் குழாய்கள் கல்போல் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால், இயந்திரத்தின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் பழுதாக இருக்கலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

இனி பணம். நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். உங்களிடம் இருப்பது 1,10,000. வண்டிக்கு 95,000 கொடுத்துவிட்டால் மீதி 15,000. பெல்ட், வளையங்கள், எண்ணெய்கள், வடிகட்டிகள், ஒருவேளை டயர்கள், உரிமை மாற்றச் செலவு ஆகியவற்றை ஈடுகட்டிய பிறகு ஒன்றும் மிஞ்சாது. வாரம் முழுவதும் ஒரே வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு, வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் மூன்று மடங்கு இழப்பு: கூலியும் போகும், சரக்கும் வாடும், கடைக்காரர் வேறொருவரைப் பிடித்துக்கொள்வார். ஆகவே கையில் 30,000 ராண்டாவது மிஞ்சும்படி பேரம் பேசுங்கள். 80,000 ராண்டுக்கு மேல் நீங்கள் கொடுக்கலாகாது. அவர் இறங்கி வராவிட்டால் இன்னும் சில மாதங்கள் வாடகை வண்டியிலேயே ஓட்டுவது மேல்.

மகன் பார்த்த என்பி200 நல்ல வண்டிதான். டீசல் ஹைலக்ஸைவிடப் பழுதுச் செலவும் பொதுவாகக் குறைவு. 2024இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டாலும், சாலையில் ஏராளமாக ஓடுவதால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் சுமை வரம்பு 800 கிலோ. நாள்தோறும் 700 கிலோ, பண்டிகையில் அதற்கும் மேல் என்றால், அந்த வண்டி எப்போதும் தன் எல்லையிலேயே உழைக்கும். தவிரவும் அது முன்சக்கர இயக்கம் கொண்டது. பின்னால் சுமை ஏறும்போது முன்சக்கரங்களின் பிடி தளர்ந்து, மழையில் மேட்டுப் பாதைகளில் சறுக்கும். 400 கிலோ ஏற்றுபவராக நீங்கள் இருந்திருந்தால் மகன் சொல்வதைக் கேளுங்கள் என்றே எழுதியிருப்பேன். உங்கள் சுமைக்கு ஹைலக்ஸ் போன்ற ஒரு டன் ரகமே பொருந்தும். எனவே அடிச்சட்டம் உறுதியாக இருந்து, சோதனைகளில் தேறி, 80,000 ராண்டுக்குள் கிடைத்தால் ஹைலக்ஸை வாங்குங்கள். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் விட்டுவிடுங்கள்.

காப்பீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆயினும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் சாலை விபத்து நிதியம் உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே ஈடு தருகிறது. நீங்கள் இன்னொருவரின் வண்டியில் மோதினால் அந்தச் சேதத்தை உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். பழைய வண்டிதானே என்று காப்பீடே இல்லாமல் ஓட்டாதீர்கள்; மூன்றாம் தரப்புச் சேதம், தீ, திருட்டு ஆகியவற்றுக்கான காப்பீடாவது இருக்கட்டும். திருடர்கள் ஹைலக்ஸை விரும்பித் தேடுவதால், காப்பீட்டு நிறுவனம் கண்காணிப்புக் கருவி பொருத்தச் சொல்லக்கூடும். அந்த மாதச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனியார் ஒருவரிடமிருந்து என் கணவர் பழைய பக்கி வாங்க இருக்கிறார். ஒப்பந்தத் தாளில் "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்று எழுதியிருக்கிறது. ரோட்வொர்தி (சாலைத் தகுதி) சான்றிதழ் இருப்பதால் பயமில்லை என்கிறார் விற்பவர். நாங்கள் நம்பலாமா? – சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: அந்தச் சொல் ஒப்பந்தத்தில் இருந்தால், உள்ளதை உள்ளபடியே ஏற்று வாங்குகிறீர்கள் என்று பொருள், பிறகு குறை தெரியவந்தாலும் பொதுவாக விற்பவரைப் பொறுப்பாக்க முடியாது. மறைந்திருந்த குறையை அவர் அறிந்தே, ஏமாற்றும் நோக்கத்துடன் ஒளித்தார் என்று நிரூபித்தால் மட்டுமே அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிட்டாது. அதை நிரூபிப்பது எளிதன்று. வண்டி விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால் நிலைமை வேறு. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அங்கே செல்லும். குறையுள்ள பொருளை ஆறு மாதங்களுக்குள் திருப்பிக் கொடுக்கவோ, பழுது நீக்கித் தரும்படி கேட்கவோ, பணத்தைத் திரும்பப் பெறவோ உங்களுக்கு உரிமை உண்டு. தீராத வழக்கை மோட்டார் தொழில்துறைக் குறைதீர்ப்பாளரிடமும் கொண்டுபோகலாம். ஆனால் விற்கும்போதே இன்ன குறை உள்ளது என்று தெளிவாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டிருந்தால், அந்தக் குறைக்காக முறையிட முடியாது. தனியாரிடம் வாங்குகிறவருக்கு இந்தச் சட்டத்தின் துணை இல்லை என்பதால், மெக்கானிக்கின் சோதனையே உங்களுக்கு உள்ள ஒரே காவல்.

ரோட்வொர்தி சான்றிதழ் மிகையாக மதிக்கப்படுகிறது. பிரேக், விளக்கு, ஸ்டியரிங், டயர் போன்றவை சாலையில் ஓடத் தகுந்தவையா என்பதைத்தான் அது சொல்கிறது. இயந்திரம் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று அதில் யாரும் எழுதித் தருவதில்லை. உரிமை மாற்றத்துக்கு அது தேவை. வழங்கிய நாளிலிருந்து 60 நாட்களே செல்லும். வாங்கிய 21 நாட்களுக்குள் உங்கள் கணவர் பெயருக்குப் பதிவு செய்துவிட வேண்டும். அதற்கு முன்பு பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் பெயரோடு சட்டப்படியான உடைமையாளர் பெயரையும் படித்துப் பாருங்கள். அங்கே ஒரு வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. வங்கிக்குச் சேர வேண்டியதை வங்கியிடமே கட்டும் ஏற்பாடு இல்லாமல் விற்பவர் கையில் ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். பதிவில் வண்டி மூன்றாம் குறியீட்டில் (கோட் 3) இருந்தால், அது ஒருமுறை நொறுங்கி மீண்டும் கட்டப்பட்டது என்று பொருள்; வாங்கக் கூடாது என்பதல்ல, விலை அதற்கேற்ப வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும்.

கேள்வி: 2008ஆம் ஆண்டு வண்டி ஒன்று 98,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருக்கிறது. சர்வீஸ் புத்தகம் தொலைந்துவிட்டதாம். இது அதிர்ஷ்டம்தானே? – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரசீதுகளோடு வரும், நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை நான் வாங்குவேன். தாள் எதுவும் இல்லாத 98,000ஐ வாங்கத் தயங்குவேன். மின்னணு மீட்டரைத் திருத்துவது அரிய வித்தை அல்ல. பெடல்களின் ரப்பர், ஸ்டியரிங்கின் மேற்பரப்பு, ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க ஓரம் ஆகியவை வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மீட்டர் சொல்வது உண்மையல்ல. சேசிஸ் எண்ணைக் கொடுத்து வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் முகவரிடம் பழைய சர்வீஸ் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு இசையாவிட்டால் விலகிவிடுங்கள்.

நம் குவாசூலு-நடால் மாகாணத்தில் இன்னொரு ஐயத்துக்கும் இடமுண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. பிராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலையே மூழ்கி, உற்பத்தி பல மாதங்கள் நின்றுபோயிற்று. வெள்ளத்தில் நின்ற வண்டியைத் துடைத்து, குறைந்த விலையில் தள்ளிவிடுபவர்கள் உண்டு. தரைவிரிப்பைத் தூக்கி அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைத் தண்டவாளங்களிலும் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் வெளிவரும் கடைசிப் பகுதியிலும் கறை தெரிகிறதா, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள மின்கம்பி இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மேற்கொண்டு பேரம் பேச வேண்டாம்.