ஊர் மாறும்போது கேஸ் சிலிண்டரைக் கூடவே கொண்டுபோகலாமா?

கோவையிலிருந்து சென்னைக்கு வீடு மாறும்போது சிலிண்டரையும் சாமான் லாரியில் ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, டெர்மினேஷன் வவுச்சர் (இணைப்பை முடித்ததற்கான சீட்டு) கேளுங்கள். அடுப்பு உங்களுடையது, எடுத்துப் போகலாம். இணைப்பு எடுத்தபோது தந்த சந்தா வவுச்சரை இப்போதே தேடி வையுங்கள். தொலைந்திருந்தால் உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள், இழுக்கும்.

அந்தச் சந்தா வவுச்சரில் உள்ள டெபாசிட் தொகைதான் திரும்பும். சென்னையில் இன்றைய டெபாசிட் கட்டவேண்டும். பலர் சண்டை போடுவது இங்கேதான்.

ஒரே ஊருக்குள் ஏஜென்சி மாறினால் எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை, மாற்றுச் சீட்டு போதும்.

புது சிலிண்டர் வந்ததும் மூடியைக் கழற்றி, வால்வுக்குள் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமலோ விரிசல் விட்டோ இருந்தால் ரெகுலேட்டரைத் திறந்ததும் கசியும். சோப்பு நுரை தடவிச் சோதியுங்கள். தீக்குச்சி கூடவே கூடாது.