வாங்கிய கொலாஜ் பழுப்பாகிறது என்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவா?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன். பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் பேரேட்டுத் தாள், தீப்பெட்டி லேபிள், காலண்டர் படம், செய்தித்தாள் ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒட்டி, மேலே பூட்டுத் தகடு, நூல், பஸ் டிக்கெட் சேர்த்து கொலாஜ் செய்கிறேன். பெசன்ட் நகரில் ஒருவர் 35,000 ரூபாய்க்கு ஒரு படம் வாங்கினார். ஒன்றரை வருடத்தில் செய்தித்தாள் பகுதிகள் பழுப்பாகிவிட்டன, தாள் அலை அலையாக எழும்பிவிட்டது, கீழ் ஓரத்தில் கரும்புள்ளிகள் வந்திருக்கின்றன என்று பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். லேமினேட் செய்தால் போதும் என்கிறார் ஃபிரேம் கடைக்காரர். படம் விற்றுத் தரும் புரோக்கர் ஒருவர், வெளிநாட்டு ஸ்ப்ரே அடித்துப் பழையபடி வெள்ளையாக்க 12,000 ரூபாய் கேட்கிறார். என்ன செய்யலாம்? அடுத்த தொடருக்கு ஒரு பழைய வீட்டின் நீல வரைபடங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பதில்: லேமினேட் செய்யாதீர்கள். ஸ்ப்ரேக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் தள்ளி வைத்துவிட்டால், மீதி நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை.

உங்கள் படத்தில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, மூன்று. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. வாங்கியவர் மூன்றையும் சேர்த்து உங்கள் தலையில் கட்டுகிறார். நீங்களும் பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழுப்பு உங்கள் கைவேலையின் குறை இல்லை. செய்தித்தாள் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்வது. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் அதில் நீக்கப்படாமல் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும், கூடவே அமிலமும் உண்டாகும். வெப்பமும் ஈரமும் இருந்தால் வேகம் கூடும். ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912-ல் செய்தித்தாளை வெட்டிப் படத்தில் ஒட்டத் தொடங்கினார்களே, அந்தத் தாள்களும் இன்று தேநீர் நிறத்தில்தான் இருக்கின்றன. உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களாலேயே தடுக்க முடியாத ஒன்றுக்கு நீங்கள் ஏன் பணம் திருப்பித் தர வேண்டும்? செய்தித்தாள் பழுக்கும் என்று விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், அது மட்டும்தான் உங்கள் பக்கத்துக் குறை.

தாள் அலை அலையாக எழும்பியது பசையால். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன்: தண்ணீர் கலந்த பெவிகால். ஈரம் பட்ட தாள் விரியும், காயும்போது சுருங்கும். பத்து வகைத் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் ஒவ்வொன்றும் தன் போக்கில் இழுக்கும். அடித்தளம் மெலிந்த அட்டையாக இருந்தால் அது தோற்றுப்போகும். மருந்து எளிது: அடித்தளம் கனமாக இருக்கட்டும், முன்பக்கம் எத்தனை அடுக்கு வருகிறதோ அதை ஈடுகட்டப் பின்பக்கமும் தாள் ஒட்டுங்கள், ஒவ்வொரு அடுக்கையும் பாரம் வைத்துக் காய விடுங்கள். ஏற்கெனவே எழும்பிய படத்தை மறுபடி நனைத்து நீவ வேண்டாம். காய்ந்த பெவிகால் தண்ணீருக்கு விட்டுக் கொடுக்காது, தாள்தான் கிழியும்.

கரும்புள்ளி பூஞ்சை. காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அது வரும். கடலோரச் சென்னையில் வருடத்தில் பல மாதம் அப்படித்தான். கண்ணாடி படத்தைத் தொட்டபடி இருந்தாலும், வெளிச்சுவரில் ஒட்டினாற்போல் மாட்டியிருந்தாலும் ஈரம் போக வழியே இல்லை. இதில் பெரும் பங்கு ஃபிரேம் செய்தவருக்கும் மாட்டிய இடத்துக்கும்.

ஃபிரேம் கடைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னிடம் வரும் தாள் வேலைகளில் பாதிக்கு மேல் அங்கே கெட்டவைதான். கண்ணாடியைப் படத்தின்மேல் அப்படியே படுக்க வைப்பார்கள். முதுகுக்கு ஹார்ட்போர்டு அல்லது பிளைவுட், இரண்டும் அமிலம் விடும். படத்தை நிறுத்த நாலு பக்கமும் செல்லோ டேப். டேப்பின் பிசின் சில வருடங்களில் தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறையாகிவிடும், பிறகு யாராலும் முழுதாக எடுக்க முடியாது. இத்தனையும் செய்துவிட்டு 'ஆசிட் ஃப்ரீ' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விலையை இரண்டு மடங்காக்குவார்கள். அந்த ஸ்டிக்கரை எந்த அச்சகத்திலும் அடித்துக்கொள்ளலாம். அட்டைக்கு ஆதாரம் கேளுங்கள். நிலைத்த தாளுக்கு ஐ.எஸ்.ஓ. 9706 என்று ஒரு தரம் உண்டு: காரத்தன்மையைக் காட்டும் pH எண் 7.5-க்கும் 10-க்கும் இடையில், அமிலத்தைச் சமாளிக்கக் குறைந்தது 2 சதவீதம் சுண்ணாம்பு இருப்பு. அந்த எண்ணைக் கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால் அடுத்த கடைக்குப் போங்கள். அட்டையின் ஓரத்தில் கோடு போட்டுப் பார்க்கும் பேனாவும் கிடைக்கிறது. ஊதா விழுந்தால் நல்லது, மஞ்சள் விழுந்தால் அமிலம். அது மேற்பரப்பை மட்டும்தான் சொல்லும், கோடும் அழியாது, அதனால் படத்தின்மேல் போட்டுவிடாதீர்கள்.

லேமினேஷனில் சூடும் பிசினும் சேர்ந்து தாளைப் பிளாஸ்டிக்கோடு நிரந்தரமாகக் கட்டிவிடும். உள்ளே அமிலம் தன் வேலையை நிம்மதியாகச் செய்துகொண்டிருக்கும். பூட்டுத் தகடு இருக்கிற படத்தை லேமினேட் செய்யலாம் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் உங்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

ஸ்ப்ரே விஷயத்தில் ஒரு பாதி உண்மை இருப்பதால்தான் புரோக்கர் பிழைக்கிறார். அமிலத்தை முறிக்கும் ஸ்ப்ரே உலகத்தில் இருக்கிறது. மக்னீசியம் ஆக்சைடு துகள் கலந்தது, நூலகங்கள் பயன்படுத்துகின்றன. ஆனால் அது தாள் இனிமேல் நொறுங்குவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பழுத்ததை வெள்ளையாக்காது. வெள்ளையாக்கித் தருகிறேன் என்பவர் பிளீச் அடிக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் ஒரு வாரம் பளிச்சென்று இருக்கும், அதற்குள் அவர் பணத்தோடு போயிருப்பார்.

இனிச் செய்யப்போகும் படங்களுக்கு: செய்தித்தாளின் எழுத்தும் அமைப்பும்தான் வேண்டும் என்றால், நல்ல பருத்தித் தாளில் கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். ஜெராக்ஸ் மை கரித்தூளும் பிசினும், எளிதில் மங்காது. கையால் செய்த தாள் எல்லாம் நல்ல தாள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. புதுச்சேரி ஆசிரமத் தாள்போலப் பருத்திக் கந்தலில் செய்ததைத் தேடி வாங்குங்கள். பூவிதழும் வைக்கோலும் தெரிகிற அலங்காரத் தாளை வாழ்த்து அட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பசைக்கு, வாசனை இல்லாத கோதுமை ஸ்டார்ச்சைக் காய்ச்சி மீதைல் செல்லுலோஸ் என்ற பசைப்பொடியோடு கலந்தால் போதும். தண்ணீரில் மறுபடி கழற்றலாம், தாளும் விறைக்காமல் வளையும். வெறும் மாவுப் பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. அதற்காக பைண்டிங் கடைக்காரர்போல மயில்துத்தம் (செம்பு உப்பு) கலக்காதீர்கள். பூச்சி சாகும், ஆனால் செம்பு தாளையே சிதைக்கும். ரப்பர் சொல்யூஷன் பக்கமே போகாதீர்கள்.

பழைய சாமான் கடையிலும் கண்ணைத் திறந்து வாங்குங்கள். டீத்தூள் தண்ணீரில் முக்கிக் காய வைத்த 'நூறு வருஷத்துப் பத்திரம்' உங்கள் ஊரிலேயே கிடைக்கும். அசலான பழைய தாளில் ஓரம்தான் அதிகம் பழுத்திருக்கும், நடுப்பகுதி வெளிறியிருக்கும். டீயில் முக்கியது முழுக்க ஒரே நிறம், மடிப்பில் மட்டும் திட்டு. பேரேட்டில் ஊதாப் பென்சில் எழுத்து இருந்தால் ஈரப் பசை அதைப் பரப்பிவிடும், முதலில் ஒரு மூலையில் சோதியுங்கள். இப்போது மெஷினில் வரும் பஸ் டிக்கெட் வெப்பத்தாள், சூட்டால் எழுத்து விழுவது. சில மாதத்தில் வெறும் தாளாகிவிடும். பழைய அச்சடித்த டிக்கெட்டைப் பயன்படுத்துங்கள்.

இனி உங்கள் நீல வரைபடங்கள். மேலே நான் சொன்னதெல்லாம் தலைகீழாவது இங்கேதான். எல்லாத் தாளுக்கும் சுண்ணாம்பு இருப்புள்ள அட்டை நல்லது என்றேன். நீல வரைபடத்துக்கு அது விஷம். அதன் நீலம் இரும்பு சேர்ந்த ஒரு நிறமி. காரம் பட்டால் வெளிறி மஞ்சள் கலந்த பழுப்பாகிவிடும். அதனால் சுண்ணாம்பு சேர்க்காத, காரமோ அமிலமோ இல்லாத வெறும் பருத்தி அட்டைதான் இதற்கு. மக்னீசியம் ஸ்ப்ரே இதன்மேல் விழவே கூடாது. பக்கத்தில் ஒட்டும் தாளிலும் சுண்ணாம்பு இருந்தால், ஈரத்தில் அது தொட்ட இடம் வெளிறும். இடையில் மெல்லிய பாலியெஸ்டர் தாளைப் பிரிப்பாக வையுங்கள். வெளிச்சத்தில் மங்கிய நீலம் இருட்டில் சில நாள் வைத்தால் ஓரளவு திரும்பும். காரத்தில் போன நீலம் திரும்பாது.

அதற்கும் முன்னால், உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். தாள் முழுக்க நீலமாகவும் கோடு வெள்ளையாகவும் இருந்தால் நான் சொல்கிற வகை. தாள் வெளிறியும் கோடு நீலமாகவும் இருந்தால் அது நம் ஊரில் அமோனியா பிரிண்ட் என்று சொல்வது. அதைப் படத்தில் சேர்க்கவே வேண்டாம். வெளிச்சத்தில் கோடு மறையும், பக்கத்துத் தாளையும் கறையாக்கும். அதன் வடிவம் பிடித்திருந்தால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஒரு ஓவியர் நாற்பது வயதில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது பாருங்கள். ஓவியக் கல்லூரியில் நாலு வருடம் படித்து வருகிறார்கள், தாள் எதனால் ஆனது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கலைப்பொருள் பாதுகாப்பு ஆய்வகம் உண்டு, லக்னோவில் 1976 முதல் தேசிய ஆய்வகம் உண்டு. இரண்டும் அரசுச் சேகரிப்புகளுக்காக ஏற்பட்டவை. உயிரோடிருக்கிற ஓவியர் தன் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்க ஓர் இடம் எளிதில் கிடைப்பதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஸ்ப்ரே புரோக்கர்கள் கடை போடுகிறார்கள்.

வாங்கியவரிடம் இப்படிப் பேசுங்கள். பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். படத்தை உங்கள் செலவில் வரவழைத்து ஃபிரேமைப் பிரியுங்கள். பூஞ்சையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். படத்தை நிழலில், காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காய விட்டு, மூக்கை மூடிக்கொண்டு வெளியில் வைத்து மென்தூரிகையால் நீக்குங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் தகட்டின் உயரத்தைவிடக் கூடுதல் இடைவெளி வருமாறு மவுண்ட் (சுற்றிலும் வைக்கும் அட்டைச் சட்டம்) வைத்து, ஹார்ட்போர்டை எடுத்துவிட்டு சன்பேக் ஷீட்டை (உள்ளே குழல் விட்ட பிளாஸ்டிக் அட்டை) முதுகாகப் போடுங்கள். ஃபிரேமின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றுப் போகும். பால்கனிக்கு எதிரே, கடற்காற்று நேராக அடிக்கும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள். இதற்குப் பிறகும் அவர் ஒப்பவில்லை என்றால், அதே விலைக்கு வேறொரு படத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். படம் உங்களிடமே திரும்பி வந்தாலும் நஷ்டமில்லை.

அடுத்த பில்லிலிருந்து, என்னென்ன தாள், என்ன பசை, எது நிறம் மாறும் என்று மூன்று வரி சேர்த்து வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புரோக்கர் வழியாக விற்றால் அந்தத் தாளை அவரிடம் கொடுக்காமல், வாங்குபவருக்கு நேராக நீங்களே அனுப்புங்கள்.