புரோட்டாக் மூலக்கூறில் இணைப்பான் வெறும் கயிறுதானா?

சம்மாந்துறை வளாகத்தில் இரசாயனவியல் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "புரோட்டாக்கில் இரண்டு முனைகளும்தானே வேலை செய்கின்றன? நடுவில் இருக்கும் இணைப்பான் கயிறு மாதிரித்தானே? அதை வைத்து இறுதி வருட ஆய்வு செய்தால் எடுபடுமா? பெரிய கருவிகளும் இல்லை."

தாராளமாக எடுபடும். நானும் வந்தாறுமூலையில் படித்துவிட்டு, பிறகு வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இந்த மூலக்கூறுகளைத் தயாரித்தவன். என்னைக் கேட்டால், புரோட்டாக்கில் மூளையைக் கசக்க வேண்டிய இடமே இணைப்பான்தான்.

புரோட்டாக் என்பது நோய்ப் புரதத்தைக் கலமே சிதைக்கும்படி செய்யும் மூலக்கூறு. அதன் ஒரு முனை நோய்க்குக் காரணமான புரதத்தைப் பிடிக்கும். மறுமுனை கலத்திலுள்ள ஈ3 லைகேஸ் என்ற நொதியைப் பிடிக்கும். இரண்டும் நெருங்கினால் அந்தப் புரதத்தில் யுபிகுவிட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படும், கலத்தில் புரதங்களை அரைக்கும் இயந்திரமான புரோட்டியசோம் அதைச் சிதைத்துவிடும். 2001இல் குரூஸ், டெஷேஸ் ஆகியோரின் குழுக்கள் காட்டிய வழி இது. ஆனால் நெருங்கினால் மட்டும் போதாது, சரியான பக்கம் பார்த்து நெருங்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது இணைப்பானின் நீளமும், விறைப்பும், அது எந்த அணுவிலிருந்து கிளம்புகிறது என்பதும்.

எம்இசட்1 என்ற புரோட்டாக் இதற்கு அருமையான உதாரணம். ஸ்கொட்லாந்தின் டண்டியில் சியுல்லி குழு 2015இல் வெளியிட்டது. அதன் ஒரு முனையான ஜேகியூ1, பிஆர்டி2, பிஆர்டி3, பிஆர்டி4 என்ற ஒரே குடும்பப் புரதங்கள் மூன்றையும் ஏறக்குறைய ஒரேயளவில் பிடிக்கும். ஆனால் எம்இசட்1 பிஆர்டி4ஐயே முந்திச் சிதைக்கிறது! 2017இல் வந்த பளிங்குக் கட்டமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். இணைப்பான் நீட்டி நிமிர்ந்து நிற்கவில்லை, மடங்கிக் கிடக்கிறது. அதனால் பிஆர்டி4, ஈ3 லைகேஸ் ஆகிய இரண்டு புரதங்களும் ஒன்றோடொன்று ஒட்டி, தமக்குள்ளேயே பிடிப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. முனைகளில் இல்லாத தெரிவுத்திறன் அந்த ஒட்டலில் பிறக்கிறது.

சரி, செய்முறைக்கு வருவோம். ஆரம்பத்தில் எல்லோரும் இணைப்பானாக எடுப்பது பெக் (பொலிஎதிலீன் கிளைக்கோல்) என்ற ஈதர் சங்கிலி. ஒரு பக்கம் அமைன், மறுபக்கம் காபொட்சிலிக்கமிலம் என்று பல நீளங்களில் வாங்கலாம், நீரிலும் கரையும். ஆனால் இந்த ஈதர் சங்கிலியை ஈரல் நொதிகள் ஒட்சியேற்றி அறுத்துவிடக்கூடும். மருந்தாக்கப் போகிறவர்கள் பிப்பெரிடின், பிப்பெரசின் போன்ற விறைப்பான வளையங்களுக்கு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். புரோட்டாக்குகளில் முதன்முதலாக 2019இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்ட ஏஆர்வி-110இல் இந்த இரு வளையங்களையும் ஒரு மெத்திலீன் இணைக்கிறது.

ஈ3 லைகேஸ் வகையைச் சேர்ந்த செரிப்ளானைப் பிடிக்கும் முனைக்கு, 4-புளோரோதாலிடோமைட்டை இணைப்பானின் அமைனோடு டிஎம்எஸ்ஓ கரைப்பானில் சுமார் 90 பாகை செல்சியஸில் சூடாக்குவார்கள். விளைபொருள் நல்ல மஞ்சள். மெல்லிய படலத் தகட்டை யூவி விளக்கின் கீழ் வைத்தால் அந்தப் புள்ளி பளிச்சென்று ஒளிரும், தேட வேண்டியதேயில்லை. ஆனால் வலிய காரத்தை அண்டவே விடாதீர்கள், இமைட்டு வளையங்கள் திறந்துவிடும்.

உங்களுக்கு இதில் எதையும் தயாரிக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு மடிக்கணினி போதும். புரோட்டாக்-டிபி தரவுத்தளம் இணையத்தில் இலவசம். அதிலிருந்து ஒரே இலக்குப் புரதத்துக்குரிய மூலக்கூறுகளை எடுத்து, இணைப்பான் நீளம், சுழலக்கூடிய பிணைப்புகளின் எண்ணிக்கை, சிதைக்கும் திறன் மூன்றையும் ஆர்டிகிட் (RDKit) என்ற இலவச மென்பொருள் கொண்டு ஒப்பிடுங்கள். எல்லாப் புரதங்களையும் ஒன்றாகக் கலந்தால் குழம்பிப்போகும், பிஆர்டி4 மட்டும் எடுங்கள். அதற்கு முன் புரதக் கட்டமைப்புகளின் தரவுத்தளமான பிடிபியில் (PDB) 5டி35 (5T35) என்ற கட்டமைப்பைத் திறந்து, எம்இசட்1 மடங்கியிருக்கும் இடத்தைப் படமெடுத்து, மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். தலைப்புக்கு ஓம் சொல்ல அவருக்கு அந்தப் படமே போதும்.